முட்டி சரியான பிறகும் வந்த வியாழக்கிழமைகள்

எங்கள் கோயிலில் வாசலுக்கு வலது பக்கம் ஒரு சின்ன மேசை. அதன் மேல் ஒரு நீள நோட்டு. நூலில் கட்டிய ஒரு பேனா. ஜெபக் குறிப்பு நோட்டு என்று பெயர். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு ஆபரேஷன், யார் மகனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று பெயரும் காரணமும் எழுதி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்பார்.

இதில் ஒரு பழக்கம் உண்டு. உங்கள் பெயரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அடிப்பது மட்டும் உங்கள் கையால்தான். குணமானவர் தன் பெயர் மேல் தானே ஒரு கோடு போட்டுவிட்டு, அன்றைக்கே சபைக்கு முன்னால் எழுந்து நின்று இரண்டு வரி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அவர் அடிக்காத வரை பெயர் வாசிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செத்துப்போன ஒருவருடைய பல்வலிக்காக நாங்கள் மூன்று வாரம் உருக்கமாக ஜெபித்ததும் உண்டு. அடக்க ஆராதனைக்கு வந்தவர்களே அதற்கும் ஆமென் சொன்னார்கள்.

அந்த நோட்டில் என் பெயர் ஏறியது ஒரு டிசம்பரில்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வாஷர் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, மனைவி இறந்த பிறகு நாலு மாதம் ஆயிற்று. அதுவரை காபியில் எதைப் போட்டுக் குடித்தேன் என்பதை ஆண்டவர் ஒருவரே அறிவார்.

அவள் போய் மூன்று வருஷம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் உள்ளே தள்ளி வீடு. காலை நேரத்தை எப்படியாவது ஓட்டிவிடலாம். பால் வாங்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், செய்தித்தாளில் வரன் தேடும் விளம்பரம் வரைக்கும் படிக்க வேண்டும். மத்தியானம் தூக்கம் இருக்கிறது. சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரைதான் மோசம். நாங்கள் டீ குடித்துவிட்டுச் சண்டை போடுகிற நேரம் அது. ஏழு மணிக்குச் செய்தி ஆரம்பித்ததும் இருவரும் அரசாங்கத்தைத் திட்டி ஒற்றுமையாகிவிடுவோம். இப்போது டீ இருக்கிறது. மற்றதற்கு ஆள் இல்லை.

டிசம்பர் பிறந்ததும் வாசலில் நட்சத்திரம் கட்டுவது அவள் வேலை. அவள் போன பிறகு இரண்டு வருஷம் நான் கட்டவில்லை. மூன்றாவது வருஷம், எதிர்வீட்டு இந்துக் குழந்தை கேட்டைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, உங்க ஊட்ல கிறிஸ்துமஸ் வரலீங்களா?" என்று கேட்டுவிட்டது. ரோஷம் வந்து பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறினேன். என் எடையைப் பற்றி ஸ்டூலுக்கு ஒரு கருத்து இருந்தது. வேதாகமத்தில் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த சாஸ்திரிகள் குழந்தை இயேசுவின் முன் கீழே விழுந்து பணிந்தார்கள். நானும் விழுந்தேன், அவர்களைவிடக் கொஞ்சம் வேகமாக.

இடது முழங்காலில் தசைநார் பிசகிவிட்டது. கட்டுப் போட்டு ஆறு வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார் டாக்டர். அந்த ஞாயிறே யாரோ என் பெயரை நோட்டில் எழுதினார்கள். அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது.

சபைப் பெண்கள் நாலு பேர் வியாழன்தோறும் நோட்டில் உள்ள நோயாளிகளைப் போய்ப் பார்ப்பார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு ரிட்டயர்ட் டீச்சர். வால்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கீழே இறங்கி வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் தனியாகக் குடியிருக்கிறார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றினால் நாம் நம்முடைய செருப்பையும் ஒருமுறை நேராக வைத்துவிடுவோம், அப்படி ஒரு முகம். அவருக்கு நேர் எதிர், தையல் கடை வைத்திருக்கும் அம்மணி. ஜெபத்தில் கண்ணை மூடுவதற்கு முன்னால் ஒரு சிரிப்பு, திறந்ததும் ஒரு சிரிப்பு. மற்ற இருவரும் பாட்டுக்கு.

முதல் நாள் டீச்சர் ஒரு கைத்தடி கொண்டுவந்தார். "எங்கம்மாவோடது. மலையிலிருந்து எறங்கறப்ப எடுத்துட்டு வந்தது. முட்டி சரியானதும் திருப்பிக் குடுத்துருங்க."

"சரியாகாமப் போச்சுன்னா டீச்சர்?"

"அப்பவும் நீங்க போனதுக்கப்புறம் யாராச்சும் திருப்பிக் குடுத்துருவாங்க," என்றார். முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், என் முழங்காலுக்காக ஒரு ஜெபம். எல்லாம் இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு இஞ்சி டீயும் பேக்கரியில் வாங்கிய மொறுமொறு வர்க்கியும். அப்போதுதான் பேச்சு. யார் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணியில் உப்பு இல்லை, உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த மருமகள் தேங்காய் இல்லாமல் தோசையைக்கூடத் தொடுவதில்லை, பாடகர் குழுவில் யார் யாரோடு பேசுவதில்லை. தையல் அம்மணி சொல்லச் சொல்ல நான் நடுவில் ஒன்று எடுத்துவிடுவேன். நாலு பேரும் சிரிப்பார்கள். டீச்சர் மட்டும் டம்ளருக்குப் பின்னால் சிரிப்பார். என் வீட்டுச் சுவர் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! அவர்கள் போன பிறகும் ஒரு அரைமணி நேரத்துக்கு நாற்காலிகளை நான் சுவரோரம் தள்ளுவதில்லை.

ஜனவரி மூன்றாவது வாரம் முட்டி சரியாகிவிட்டது.

காலையில் எழுந்து கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். மடக்கினேன், நீட்டினேன். வலியைக் காணோம். சந்தோஷப்பட வேண்டிய நேரம்; நான் காலண்டரில் வியாழக்கிழமையைத் தேடினேன். நோட்டில் கோடு போட்டால் வியாழக்கிழமை போய்விடும். 'இந்த ஒரு வாரம் மட்டும்' என்று கட்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டேன். நான் அறிந்தவரை, உலகத்தில் நோய் தீர்ந்த கவலையில் கட்டுப் போட்டுக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

ஒரு வாரம் எட்டு வாரமாயிற்று.

நொண்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கோயிலுக்குப் போகும்போது நொண்ட வேண்டும், மளிகைக் கடையில் சபைக்காரர் யாராவது நின்றால் நொண்ட வேண்டும். ஒரு வியாழக்கிழமை டீத் தட்டோடு வந்தபோது தையல் அம்மணி என் காலையே பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, போன வாரம் எடது முட்டிங்கல்ல?"

வலது காலை இழுத்துக்கொண்டிருந்தேன். "அதையேன் கேக்கறீங்க அம்மணி. வலி நடக்க ஆரம்பிச்சிருச்சு, நானுந்தான் நடக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டார்.

அவர்கள் முழங்காலுக்காக ஜெபிக்கிறபோது நானும் கண்ணை மூடிக்கொள்வேன். உள்ளுக்குள் ஆண்டவரிடம், 'இது உமக்கும் எனக்கும் தெரிந்த விஷயம். நடுவில் பேசி அவர்கள் பேச்சைக் கெடுக்க வேண்டாம்' என்பேன். அவர் எப்போதும் போலப் பேசாமல்தான் இருந்தார். சாதாரண நாட்களில் அந்த மௌனத்தைப் பற்றி எனக்குப் புகார் உண்டு. அந்த எட்டு வாரமும் அது எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

வசதியில்லாத ஒரு ஞாபகமும் இருந்தது. இதே நோட்டில் ஒரு காலத்தில் என் மனைவியின் பெயர் இருந்தது. காரணம்: பிள்ளைப் பாக்கியம். பதினோரு வருஷம் ஞாயிறுதோறும் அந்தப் பெயரை வாசித்தார்கள். போதகர்கள் மாறினார்கள், நோட்டுகள் தீர்ந்து புது நோட்டு வந்தது, பெயரை மட்டும் யாரோ பார்த்து எழுதிக்கொண்டே இருந்தார்கள். ஒரு ஞாயிறு, என்னிடம்கூடச் சொல்லாமல் அவள் போய்க் கோடு போட்டுவிட்டாள். ஆராதனையில் எழுந்தாள். என்னவோ நடந்துவிட்டது என்று முன்வரிசைப் பெண்கள் ஆவலாகத் திரும்பினார்கள்.

"இத்தன வருசம் எங்களுக்காக ஜெபிச்சீங்க. ரொம்ப நன்றிங்க. இனி அந்த நேரத்த வேற யாருக்காச்சும் குடுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து, "ஏனுங்க, மீன் வாங்கிட்டுப் போலாங்களா?" என்றாள். வாங்கினோம். நன்றாகவே சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அந்த விஷயத்தை அவள் பேசவில்லை.

கேட்டது கிடைக்காமலே பெயரை அடித்தவள் அவள். கேட்டது கிடைத்த பிறகும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தவன் அவளைக் கட்டியவன்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலமான லெந்து நாட்கள் வந்தன. மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை ஆட்டோவிலிருந்து மூன்று பேர்தான் இறங்கினார்கள்.

"டீச்சர் வரலீங்களா?"

"அவிங்களுக்குப் போன வெள்ளிக்கெழம மயக்கம் வந்துருச்சுங்கண்ணா," என்றார் தையல் அம்மணி. "சக்கரை எறங்கிப்போச்சாட்ட இருக்குது. பக்கத்து ஊட்டுக்காரங்க பாத்துத் தண்ணி தெளிச்சு எழுப்பியிருக்காங்க. இப்பத் தேவலீங்க."

"சாப்படறதில்லீங்களா அவங்க?"

"லெந்துல்லீங்களா. ஆளுக்கொரு பேரு நோட்டுலிருந்து எடுத்துக்கிட்டு, வெள்ளிக்கெழம மூணு மணி வரைக்கும் உபவாசம் இருக்கறோம். நாங்க எல்லாம் பாதியில காப்பி குடிச்சுப்போடுவோம். டீச்சர் பச்சத்தண்ணி குடிக்க மாட்டாங்க."

"யாரு பேரு எடுத்திருக்காங்க?"

கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பேருதானுங்க. இவரவிட வயசானவங்களுக்கே ஆறு வாரத்துல சரியாகுற முட்டி, இவருக்கு ஏன் ஆகலன்னு ரொம்பக் கவல அவிங்களுக்கு."

அன்றைக்கு வர்க்கியைப் பாதியில் தட்டில் வைத்துவிட்டேன். வர்க்கியைக் குறை சொல்ல மாட்டேன். பேக்கரியிலிருந்து அப்போதுதான் வந்தது. சர்க்கரை நோயுள்ள ஒரு பெண், எனக்கு வலிக்காத ஒரு முழங்காலுக்காக, மூன்று வெள்ளிக்கிழமையாகப் பட்டினி கிடந்து தரையில் விழுந்திருக்கிறார். அதே நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தேன், அந்தக் காலை நீட்டிக்கொண்டு.

அந்த ஞாயிறு தடி இல்லாமல் போனேன். மேசைக்கு முன்னால் நின்று கோடு போட்டேன். என் மனைவி போட்ட கோடு ஸ்கேல் வைத்தது போல இருந்தது. என்னுடையது மண்புழு மாதிரி நெளிந்தது. ஸ்தோத்திர வேளையில் எழுந்து நின்றேன்.

"என் முழங்கால் ஜனவரியிலேயே சரியாகிவிட்டது. நீங்கள் எல்லாரும் வீட்டுக்கு வருவது நன்றாக இருந்ததால் சொல்லாமல் இருந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்."

சபை முழுக்கச் சிரித்தது.

முப்பது வருஷமாகச் சபை பிக்னிக்கிலும் கிறிஸ்துமஸ் நாடகத்திலும் சிரிக்க வைத்தவன் நான். ஏரோது ராஜாவாக நடித்து மேடையில் தாடியைத் தொலைத்தவன். என் வாயிலிருந்து எது வந்தாலும் சிரிப்பது என்று அவர்கள் பழகிவிட்டார்கள். "நெசமாத்தானுங்க," என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். "நம்ம அண்ணன் சாட்சி சொன்னாலும் சபைக்குச் சந்தோஷம்தான்," என்றார் போதகர். பின்னாலிருந்து யாரோ ஆமென் போட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஓநாய் வருகிறது என்று பொய்யாகக் கத்தியவனை ஊர் நம்பவில்லையாம். எனக்கு ஓநாயே நான்தான், அதையும் நம்பவில்லை.

மூன்றாவது வரிசையில் டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வந்தது. அவர்கள் வர மாட்டார்கள் என்று தெரியும். நோட்டில் பெயர் இல்லை. ஆனாலும் ஒரு லிட்டர் பால் வாங்கியிருந்தேன். நாலு மணிக்குத் தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பியது, கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். ஆட்டோ வேறு வீட்டுக்குப் போனது. பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைத்ததில் ஒரு கால்மணி நேரம் போயிற்று. உண்மையைச் சொன்னால், அன்றைய சாயங்காலத்தில் நன்றாகப் போன கால்மணி அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிவாக்கில் தடியைத் திருப்பிக் கொடுக்க டீச்சர் வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். எப்படியாவது அவரைச் சாப்பிட வைத்துவிட வேண்டும் என்பது என் திட்டம்.

கதவு திறந்துதான் இருந்தது. சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் வேதாகமம். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"வாங்க. தடியை அந்த மூலைல சாத்துங்க. பழத்தக் கண்ணு முன்னால வெக்காதீங்க."

"டீச்சர், இன்னைக்குமா? முட்டிதான் சரியாயிருச்சுங்களே. ஞாயித்துக்கெழம சொன்னேனே."

"கேட்டேன்."

"வேடிக்கை இல்லீங்க. நெசமாவே ஜனவரியில..."

"தெரியுமுங்க," என்றார். "ஜனவரி கடைசில ஒரு புதன்கெழம, எங்க ஊட்டுப் பின்னால பொடக்காலியில முருங்கைக்கீரை பறிச்சு உங்களுக்குக் கொஞ்சம் குடுக்கலாம்னு வந்தேன். உங்க கேட் பக்கத்துலயே நின்னுட்டேன். நீங்க கேஸ் சிலிண்டரைத் தோள்ல வெச்சு உள்ள தூக்கிட்டுப் போனீங்க. பாடிக்கிட்டு வேற போனீங்க."

"அப்ப எல்லாந் தெரிஞ்சுமா லெந்துல என் பேரை எடுத்தீங்க?"

"முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடம் நடத்துனவ நான். வயித்துவலின்னு வந்து நிக்கற பிள்ளைக்கு வயித்துவலி இருக்காதுங்க. வேற என்னவோ இருக்கும். உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியல. கேட்டா நீங்க ஒரு ஜோக்கு சொல்லுவீங்க. அதான் என்னன்னு தெரியாமலே எடுத்தேன். தெரிய வேண்டியவருக்குத் தெரியும்."

"மயக்கம் போட்டு விழுந்தீங்களாமே."

"அது என் தப்பு. மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்துட்டேன். இப்ப டாக்டர் வேற நேரம் சொல்லியிருக்காரு."

"நிறுத்திப்போடுங்க டீச்சர். கும்பிடறேன்."

"ஈஸ்டர் வரைக்கும்னு சொல்லியாச்சு. நடுவுல நிறுத்தறதுக்கு இது என்ன டிவி சீரியலா?"

"அப்ப நானும் இருக்கறேன். மூணு மணி வரைக்கும்."

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "காலைல என்ன சாப்பிட்டீங்க?"

"ஆறு இட்லிங்க."

"அப்ப அதுக்குப் பேரு உபவாசமில்ல. செரிமானம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேதாகமத்தை மூடி ஜன்னல் திட்டில் வைத்தார். "பொய்யா ஒரு காரணம் எழுதுனீங்க. இத்தன பேரு வந்தாங்க. நெசமான காரணம் ஒண்ணு இருந்தா எழுதிப் பாக்கறதுதானே?"

"அத எப்படீங்க நோட்டுல எழுதறது? ஊரே சிரிக்கும்."

"அதுக்குத்தான உங்களுக்கு ஆசை, ஊர் சிரிக்கோணும்னு."

மூன்று மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றடித்ததும் பச்சைப்பயறு கஞ்சி இரண்டு கிண்ணத்தில் வந்தது. என் கிண்ணத்தில் பாதிதான் இருந்தது. ஆறு இட்லிக்குத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் நோட்டைத் திறந்தேன். பெயரை எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. தனிமை என்று எழுதக் கை வரவில்லை. அது மேடையில் பேசுகிற வார்த்தையாக இருந்தது. கடைசியில், 'சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை' என்று எழுதினேன். மணியடிக்கிற கோயில்பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்கண்ணா, கரண்ட் கட் நேரமாட்ட இருக்குது?"

"கிட்டத்தட்ட அதேதானுங்க," என்றேன்.

போதகர் அதை வாசித்தபோது ஒருமுறை நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, திரும்ப வாசித்தார். பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, துணைக்கு யாரும் வராததால் பாதியில் அடங்கியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கைப்பை இல்லை, ஜிப்பைத் திறந்து மூட.

வியாழக்கிழமை நாலு மணிக்கு, ஒன்று கூடவே இருக்கட்டும் என்று ஆறு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கியது இரண்டு பேர்தான், டீச்சரும் தையல் அம்மணியும். மற்றவர்கள் குருத்தோலை ஞாயிறுக்காக ஓலைச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார்களாம். பாட்டுக்கான ஆட்கள் இல்லாததால் பாட்டு இரண்டு திசையில் போயிற்று. பாட்டு முடிந்ததும் டீச்சர் கேட்டார், "என்ன காரியத்துக்காக ஜெபிக்கோணும்?"

அவருக்குத் தெரியும். என் வாயால் வர வேண்டுமாம்.

"இந்த நேரத்துல ஊட்ல இருக்க முடியலீங்க டீச்சர். அவ போனதுலிருந்து."

தையல் அம்மணி வழக்கப்படி சிரிக்க வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எனக்கும் சொல்வதற்கு ஜோக் ஒன்று தயாராக இருந்தது. விட்டுவிட்டேன்.

"சரி, கண்ணை மூடுங்க," என்றார் டீச்சர். மூடினேன். அன்றைக்கு ஆண்டவரைப் பேசாமல் இருக்கும்படி நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர்கள் கிளம்பியபோது மணி ஐந்தேகால். எடுக்காத மூன்று டம்ளரைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். நாற்காலிகளை அப்படியே விட்டேன். மூன்று மணி நேரத்தில் ஒன்றேகால் போயிருந்தது. ஒன்றே முக்கால் பாக்கி, அது முழுசாக எனக்கே. வாசல் விளக்கைப் போட்டுவிட்டு ஏழு மணிச் செய்திக்காகக் காத்திருந்தேன்.

பெயர் நோட்டில் இருக்கிறது. நான் இன்னும் அடிக்கவில்லை.